மாறாதவர் மனஸ்தாபப்படுவது எப்படி?

1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தை இடைவிடாமல் வாசித்தால் ஓரிடத்தில் இடறும். இஸ்ரவேலின் ராஜா சவுல் அமலேக்கியரை முறியடிக்கிறான். அழிக்கச் சொன்ன ஆடுமாடுகளில் நல்லதாகப் பார்த்து வைத்துக்கொள்கிறான். அவர்களுடைய ராஜா ஆகாகையும் உயிரோடு பிடித்து வருகிறான். 11ஆம் வசனத்தில் கர்த்தர் தீர்க்கதரிசி சாமுவேலிடம், "நான் சவுலை ராஜாவாக்கினது எனக்கு மனஸ்தாபமாயிருக்கிறது" என்கிறார். (வேதத் தமிழில் மனஸ்தாபம் என்பது பிணக்கு அல்ல; செய்ததையோ சொன்னதையோ எண்ணி வருந்துவது, மனம் மாறுவது.) சாமுவேல் ராத்திரி முழுவதும் கூப்பிட்டு மன்றாடுகிறார். விடிந்ததும் போய் சவுலிடம் தீர்ப்பைச் சொல்கிறார். 29ஆம் வசனத்தில் அதே சாமுவேல், தேவன் தாம் சொன்னதைப்பற்றி மனஸ்தாபப்படுகிறவர் இல்லை, "மனம் மாற அவர் மனுஷன் அல்ல" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். சரி, விஷயம் தெளிவாகிவிட்டது என்று மேலே போனால், அதிகாரத்தின் கடைசி வசனம் மறுபடியும் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார் என்று முடிகிறது.

எழுதியவர் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று சொல்ல வழியில்லை. மூன்று வசனங்களும் ஒரே கதைக்குள், கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தெரிந்தேதான் வைத்திருக்கிறார். 'தேவன் மாறாதவர்' என்ற கிறிஸ்தவப் போதனையின் 2,000 வருட வரலாறு, ஒரு வகையில், இந்த அதிகாரத்தோடு நடந்த மல்யுத்தம்தான். அந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப ஒன்று கண்ணில் படுகிறது. இந்தப் போதனையை யாராவது உரக்கச் சொன்ன போதெல்லாம், ஆபத்திலிருந்த எதையோ காப்பாற்றத்தான் சொன்னார்கள். எதைக் காப்பாற்ற என்று கேட்டுக்கொண்டே போனால் சிக்கல் பாதி அவிழும்.

அதிகம் மேற்கோள் காட்டப்படும் வசனத்திலிருந்தே தொடங்கலாம். "நான் கர்த்தர் நான் மாறாதவர்" என்பது மல்கியா 3:6. பாபிலோனிலிருந்து திரும்பி வந்து, ஆலயத்தையும் கட்டி முடித்து, அப்புறம் உற்சாகமெல்லாம் வடிந்துபோன காலம் அது, பொதுவாக கி.மு. 5ஆம் நூற்றாண்டு என்பார்கள். ஜனங்கள் கண் ஊனமான, கால் ஊனமான மிருகங்களைப் பலிக்குக் கொண்டுவருகிறார்கள். இதை உன் அதிபதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார், வாங்கிக்கொள்வானா என்று தீர்க்கதரிசி கேட்கிறார். கூலிக்காரனின் கூலியை வஞ்சிக்கிறார்கள், விதவையையும் அநாதையையும் ஒடுக்குகிறார்கள். நியாயம் தீர்க்கிற தேவன் எங்கே என்று கேள்வி வேறு. இதற்கெல்லாம் பதிலாக வருகிற வசனம், "நான் மாறாதவர்" என்பதோடு நிற்கவில்லை: "ஆகையால் யாக்கோபின் புத்திரராகிய நீங்கள் நிர்மூலமாகவில்லை."

அந்த 'ஆகையால்' முக்கியம். இங்கே தேவனின் இயல்பைப் பற்றிய தத்துவப் பாடம் எதுவும் நடக்கவில்லை. நீங்கள் நடந்துகொள்ளும் விதத்துக்கு எப்போதோ அழிந்திருக்க வேண்டும். யாக்கோபுக்குக் கொடுத்த வாக்கிலிருந்து நான் பின்வாங்காததால் பிழைத்திருக்கிறீர்கள் என்கிறார். அதற்கு அடுத்த வசனமே, "என்னிடத்திற்குத் திரும்புங்கள், அப்பொழுது உங்களிடத்திற்குத் திரும்புவேன்" என்கிறது. மாறாதவர் என்று சொன்ன வாய் மூடும் முன்னே, திரும்புவேன் என்கிறார். மல்கியாவுக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. (நம் பிரசங்கங்களில் இந்த இரண்டு வசனங்களையும் வேகமாகத் தாண்டி, 10ஆம் வசனத்தின் தசமபாகத்துக்குப் போய்விடுவது வழக்கமாகிவிட்டது. அது தனிக் கதை.)

இதைவிடப் பளிச்சென்று யோனாவின் புத்தகம் காட்டுகிறது. "இன்னும் நாற்பதுநாள் உண்டு, அப்பொழுது நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்" என்று யோனா கூறுகிறான். நிபந்தனை எதுவும் இல்லை, 'மனந்திரும்பாவிட்டால்' என்ற சொல் இல்லை. ஊரே இரட்டுடுத்தி உபவாசம் இருக்கிறது. தேவன் தாம் செய்வேன் என்று சொன்ன தீங்கைக்குறித்து மனஸ்தாபப்பட்டு, செய்யாதிருந்தார் என்று 3ஆம் அதிகாரம் முடிகிறது. சொன்னதைச் செய்யவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் மாறிவிட்டார்.

யோனா என்ன சொல்கிறான் என்பதுதான் சுவாரஸ்யம். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. ஆனால் ஆச்சரியம் துளிகூட இல்லை. இப்படித்தான் ஆகும் என்று தெரிந்துதான் நான் முதலிலேயே நினிவேக்குப் போகாமல் தர்ஷீசுக்கு ஓடிப்போனேன் என்கிறான் (4:2). நீர் இரக்கமும் மன உருக்கமும் நீடிய சாந்தமும் மிகுந்த கிருபையும் உள்ளவர் என்று பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலின் கடைசி உருப்படியாக "தீங்குக்கு மனஸ்தாபப்படுகிறவர்" என்பதையும் சேர்க்கிறான். அதாவது, மனஸ்தாபப்படுவதையே தேவனின் நிரந்தரக் குணங்களில் ஒன்றாக எண்ணுகிறான். அவர் நினிவேயை விட்டுவிடுவார் என்பதை அவன் முன்கூட்டியே கணிக்க முடிந்ததற்குக் காரணம், அவர் குணம் மாறாது என்று அவன் அறிந்திருந்ததுதான். என் கணிப்பில், மாறாமையைப் பற்றி வேதத்தில் உள்ள மிகக் கூர்மையான கூற்று இது. அதைச் சொல்வது கடுப்பில் இருக்கும் ஒரு தீர்க்கதரிசி.

எரேமியா 18ஆம் அதிகாரம் இதையே விதியாகச் சொல்கிறது. பிடுங்குவேன், இடிப்பேன் என்று ஒரு ஜாதிக்கு விரோதமாகச் சொல்லியிருக்கும்போது அது தீங்கைவிட்டுத் திரும்பினால் நானும் செய்ய நினைத்ததைச் செய்யாமல் மனஸ்தாபப்படுவேன். கட்டுவேன், நாட்டுவேன் என்று சொன்ன ஜாதி பொல்லாப்புச் செய்தால் அங்கும் அப்படியே. எச்சரிப்பின் நோக்கமே அது நிறைவேறாமல் போவதுதான் என்று இதைப் படிக்கலாம்.

இதுவரை எல்லாம் எபிரெய உலகம். கிரேக்க உலகத்துக்குள் நுழைந்ததும் கேள்வியின் தொனி மாறுகிறது. பிளேட்டோ 'குடியரசு' நூலின் இரண்டாம் பாகத்தில் ஒரு வாதம் வைக்கிறார்: தெய்வம் எல்லாவற்றிலும் சிறந்த நிலையில் இருப்பது; மாறினால் இன்னும் சிறந்ததாக ஆக முடியாது; கீழே இறங்கத்தான் முடியும்; எந்தத் தெய்வம் தானாகக் கீழே இறங்கும்? அரிஸ்டாட்டில் ஒரு படி மேலே போய், எல்லாவற்றையும் அசைத்தும் தான் அசையாத முதல் காரணத்தைப் பேசினார். இயேசுவின் காலத்தில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் ஃபிலோ, தேவன் மனுஷனை உண்டாக்கினதற்காக மனஸ்தாபப்பட்டார் என்ற ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தோடு மல்லுக்கட்டி, 'தேவன் மாறாதவர்' என்ற தலைப்பிலேயே ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

இங்கிருந்து ஒரு பழைய குற்றச்சாட்டு பிறக்கிறது. வேதத்தின் உயிருள்ள தேவனைக் கிரேக்கத் தத்துவத்தின் கல் தெய்வமாகத் திருச்சபை ஆக்கிவிட்டது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2ஆம் நூற்றாண்டில் உண்மையில் நடந்ததைப் பார்த்தால் காட்சி வேறு மாதிரி. செல்சஸ் என்ற புறமதத் தத்துவவாதி, பிளேட்டோவின் அதே வாதத்தைக் கையில் எடுத்துக் கிறிஸ்தவர்களை அடித்தார். உங்கள் தேவன் மனிதரிடம் இறங்கி வந்தார் என்கிறீர்களே, இறங்குவது மாற்றம்தானே, நல்ல நிலையிலிருந்து கெட்ட நிலைக்கு, அழகிலிருந்து அலங்கோலத்துக்கு. எந்தத் தெய்வம் இதைத் தேர்ந்தெடுக்கும் என்றார். கிரேக்க மாறாமையை அப்படியே விழுங்கியிருந்தால் அவதாரத்தைக் கைவிட்டிருக்க வேண்டும். ஏறக்குறைய கி.பி. 248இல் செல்சஸுக்குப் பதில் எழுதிய ஒரிகன் அப்படிச் செய்யவில்லை. மல்கியா வசனத்தையும், "நீரோ மாறாதவராயிருக்கிறீர்" என்ற 102ஆம் சங்கீதத்தையும் காட்டி, தம் சாரத்தில் மாறாமல் இருந்துகொண்டே மனிதரின் காரியங்களுக்கு அவர் இறங்கி வருகிறார் என்றார். கிரேக்கரின் சொல்லை வாங்கிக்கொண்டார். அவர்கள் எட்டிய முடிவை வாங்கவில்லை.

அடுத்த சண்டை இன்னும் பெரியது. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குரு, குமாரன் பிதாவால் உண்டாக்கப்பட்டவர் என்று போதித்தார். அவருடைய ஆயர் அலெக்சாண்டர் எழுதிய சுற்றுமடலில் ஒரு சம்பவம் வருகிறது. ஆரியுஸின் கூட்டத்தாரிடம் ஒருவர் கேட்டாராம்: பிசாசு மாறியதுபோல தேவனுடைய வார்த்தையானவரும், அதாவது குமாரனும், மாற முடியுமா? முடியும், உண்டாக்கப்பட்டவர் என்பதால் அவர் இயல்பு மாறக்கூடியதுதான் என்று அவர்கள் தயங்காமல் பதில் சொன்னார்களாம். எதிரணி எழுதியது என்பதால் கொஞ்சம் உப்புச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆரியுஸின் சொந்தக் கடிதங்களில் குமாரன் மாறாதவர் என்றே இருக்கிறது. ஆனாலும், ஒருவர் தம் மன உறுதியால் மாறாமல் இருக்கிறாரா, மாறவே இயலாத இயல்புடையவரா என்ற வித்தியாசம் அங்கே வெட்டவெளிச்சமாகிவிட்டது.

கி.பி. 325இல் நிசேயாவில், இன்றைய துருக்கியின் இஸ்னிக்கில், ஆயர்கள் கூடினார்கள். அவர்கள் எழுதிய விசுவாசப்பிரமாணத்தின் கடைசியில், தேவகுமாரன் மாறக்கூடியவர், திரிபடையக்கூடியவர் என்று சொல்கிறவர்களைத் திருச்சபை சபிக்கிறது என்று ஒரு பகுதி உண்டு. இன்று ஞாயிறு ஆராதனையில் நாம் சொல்லும் நிசேயா விசுவாசப்பிரமாணத்தில் அது கிடையாது. நாம் சொல்வது 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆயர்களின் சங்கத்தோடு தொடர்புடைய வடிவம். அதில் சாபப் பகுதி இல்லை. மாறாமைக்காக நடந்த அவ்வளவு பெரிய போராட்டத்தின் தழும்பு நம் கண்ணுக்குப் படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏன் இவ்வளவு கோபம்? அலெக்சாண்டருக்குப் பின் அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியுஸ் வாழ்நாள் முழுக்க விடாமல் சொன்ன விஷயம் இது: நம்மை மீட்க வந்தவரே ஒருநாள் வழுவிப்போகக்கூடியவர் என்றால் மீட்பு எங்கே நிற்கும்? மல்கியாவின் 'ஆகையால்' இங்கே மறுபடியும் கேட்கிறது. யாக்கோபின் பிள்ளைகள் நிர்மூலமாகாததற்கு எது காரணமோ, அதையேதான் நிசேயாவில் காத்தார்கள்.

451இல் கால்சிடோன் சங்கம், கிறிஸ்துவில் தேவ இயல்பும் மனித இயல்பும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதற்கு நான்கு 'இல்லை'களைப் போட்டது: கலப்பில்லாமல், மாற்றமில்லாமல், பிரிவில்லாமல், பிளவில்லாமல். எப்படி என்று விளக்கவில்லை. எப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்று வேலி போட்டார்கள். அதற்கு முன்னமே அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில், பாடுபடாமல் பாடுபட்டார் என்ற விசித்திரமான சொற்றொடரைப் பயன்படுத்தியிருந்தார். தேவ இயல்பு பாடுகளுக்கு உட்படாது. ஆனால் சிலுவையில் பாடுபட்டவர் குமாரனே, வேறொருவர் அல்ல, அவர் எடுத்துக்கொண்ட மாம்சத்தில். இது சொல் விளையாட்டு என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. இரண்டில் ஒன்றை விட்டால் மற்றதும் போய்விடும் என்ற பயம்தான் இதை எழுத வைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு கேள்வி எல்லாக் காலத்திலும் வருகிறது. தேவன் மாறாதவர் என்றால் பழைய ஏற்பாட்டின் பலிகளும் சடங்குகளும் ஏன் நின்றுபோயின? வட ஆப்பிரிக்காவின் ஆயர் அகஸ்டினிடம் இதே கேள்வி வந்தது. கி.பி. 412 வாக்கில் மார்செல்லினுஸ் என்ற அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், தம் காலத்தில் பேர்போன விண்டிசியானுஸ் என்ற மருத்துவரின் கதையைச் சொல்கிறார். ஒரு நோயாளிக்கு அவர் மருந்து கொடுத்தார், குணமானது. சில வருடம் கழித்து அதே நோய் வந்தது. நோயாளி தானாகவே அதே மருந்தைப் போட்டுக்கொண்டார், நோய் முற்றிவிட்டது. ஓடிவந்து கேட்டபோது, நான் கொடுக்கவில்லையே, அதனால்தான் என்றாராம் மருத்துவர். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏதோ மந்திரம் வைத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். அப்புறம்தான் விளக்கினார்: இந்த வயதில் இவருக்கு அந்த மருந்தை நான் கொடுத்திருக்கவே மாட்டேன். மருத்துவமும் மாறவில்லை, மருத்துவரும் மாறவில்லை. நோயாளிக்கு வயது ஏறிவிட்டது.

அகஸ்டினின் பெரிய பங்களிப்பு காலத்தைப் பற்றியது. உலகத்தைப் படைக்குமுன் தேவன் என்ன செய்துகொண்டிருந்தார், திடீரென்று ஏன் படைக்கத் தோன்றியது, அது மனமாற்றம் இல்லையா என்று கேட்டார்கள். இப்படிக் குடைந்து கேட்கிறவர்களுக்காக நரகத்தைத் தயார்செய்துகொண்டிருந்தார் என்று ஒருவர் கிண்டலாகச் சொன்னதைக் குறிப்பிட்டு, நான் அப்படிப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார் தம் 'அறிக்கைகள்' நூலின் 11ஆம் பாகத்தில். காலமே படைப்பின் பகுதி, ஆகவே படைப்புக்கு 'முன்' என்று ஒரு நேரமே இல்லை என்பது அவர் பதில்.

இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டில் இதற்குக் கணக்கு வாத்தியார்போல ஒழுங்கு கொடுத்தார். அவருடைய ஒரு வரி இந்தக் கட்டுரைக்குப் போதும்: விருப்பத்தை மாற்றிக்கொள்வது வேறு, மாற்றம் நிகழ வேண்டும் என்று விரும்புவது வேறு. எசேக்கியா ராஜா வியாதியாய்க் கிடக்கிறார். நீர் பிழைக்கமாட்டீர் என்று ஏசாயா சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபிக்கிறார். 2 இராஜாக்கள் 20இன்படி, ஏசாயா பாதி முற்றத்தைத் தாண்டுவதற்குள் திரும்பிப் போ, 15 வருடம் கூட்டிக் கொடுக்கிறேன் என்ற வார்த்தை வருகிறது. அக்வினாஸின் கண்ணில், அந்த மரணச் செய்தியும் அந்த அழுகையும் அந்த 15 வருடமும் ஒரே தீர்மானத்துக்குள் அடங்கியவை. தேவன் வைத்த ஏற்பாட்டை மாற்ற நாம் ஜெபிப்பதில்லை, ஜெபத்தின் வழியாகக் கிடைக்க வேண்டும் என்று அவர் ஏற்படுத்தியதைப் பெறவே ஜெபிக்கிறோம் என்று எழுதினார். தர்க்கம் அசைக்க முடியாதது. ஆனால் பிள்ளைக்கு ஐசியூவில் உயிருக்குப் போராட்டம் என்று முழங்காலில் நிற்கிற தகப்பன் இப்படி நினைத்து ஜெபிக்கிறானா? நான் பார்த்தவரை இல்லை. அவன் எசேக்கியாவைப் போலத்தான் ஜெபிக்கிறான்.

சீர்திருத்தக் காலத்தில் ரோமும் புரட்டஸ்தாந்தரும் எதில்தான் சண்டை போடவில்லை! ஆனால் இந்த ஒன்றில் ஒரே குரல். தேவன் மாறாதவர் என்று 1215இன் நான்காம் லாத்தரன் சங்கம் சொன்னதை 1561இன் பெல்ஜிய அறிக்கையும், 1640களின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையும், 1870இன் முதலாம் வத்திக்கான் சங்கமும் திருப்பிச் சொல்கின்றன. தேவன் மனஸ்தாபப்பட்டார் என்பதற்குச் சீர்திருத்தவாதி கால்வின் கொடுத்த விளக்கம், நம் புத்திக்கு எட்டும்படி அவர் தம்மைத் தாழ்த்திப் பேசுகிறார் என்பது. எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. மனம் மாறமாட்டார் என்ற வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, மனஸ்தாபப்பட்டார் என்பதை மட்டும் பேச்சு வழக்கு என்று ஒதுக்குவதற்கு, வேதத்துக்குள்ளிருந்தே ஒரு காரணம் சொல்ல வேண்டும்.

அந்த ஒருமித்த குரல் உடைந்தது 20ஆம் நூற்றாண்டில், போரின் நடுவே. 1944 ஜூலை 16இல் பெர்லினின் டேகல் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், பாடுபடுகிற தேவனால் மட்டுமே உதவ முடியும் என்றார் நாஜிகள் சிறைவைத்த ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர். 1946இல் ஜப்பானில் கிட்டமோரி தேவனுடைய வேதனையைப் பற்றியே ஒரு இறையியல் நூலை வெளியிட்டார். ஜெர்மானியரான மோல்ட்மான், 1943இல் ஹாம்பர்க் குண்டுவீச்சில் பக்கத்தில் நின்ற நண்பனைப் பலிகொடுத்து, போர்க்கைதியாகச் சில வருடங்கள் இருந்தவர். அவரது 'சிலுவையில் அறையப்பட்ட தேவன்' 1972இல் வந்தது. பாடுபட முடியாத தேவனால் நேசிக்கவும் முடியாது என்பது அவர் வாதத்தின் மையம். 1994இல் அமெரிக்காவில் பின்னக், சாண்டர்ஸ் முதலியோர் இன்னும் தூரம் போய், மனிதரின் சுதந்திரமான முடிவுகள் எதிர்காலத்தைத் திறந்து வைக்கின்றன, தேவன் உண்மையாகவே தம் திட்டங்களை மாற்றிக்கொள்கிறார் என்று எழுதினார்கள். 2003இல் அங்குள்ள சுவிசேஷ இறையியல் சங்கத்தில் இவர்கள் இருவரையும் நீக்கலாமா என்று வாக்கெடுப்பே நடந்தது. சாண்டர்ஸை நீக்கப் பாதிக்கு மேல் வாக்குகள் விழுந்தும், தேவையான மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை. இருவரும் உறுப்பினர்களாகவே நீடித்தார்கள்.

மோல்ட்மான் எறிந்த கேள்வியை யாரும் எளிதில் தாண்டிப் போக முடியாது. ஆனால் அவர் தாக்கியது, உணர்ச்சியற்ற ஒரு தெய்வத்தை. சிரிலும் அக்வினாஸும் அப்படி ஒருவரைப் பற்றி எழுதவில்லை. அன்பு இதற்குமேல் கூட முடியாத அளவு நிறைந்திருப்பதால் அதில் ஏற்ற இறக்கம் இல்லை என்றுதான் அவர்கள் எழுதினார்கள். தேவன் தம் திட்டத்தை மாற்றிக்கொள்கிறார் என்று வாதிடுகிறவர்களோ, யோனா 3:10ஐக் காட்டும் அளவுக்கு 4:2ஐக் காட்டுவதில்லை.

கடைசியாக, நம் வீட்டுச் சுவர்களிலும் காலண்டர்களிலும் அதிகம் தொங்குகிற வசனம்: "இயேசுகிறிஸ்து நேற்றும் இன்றும் என்றும் மாறாதவராயிருக்கிறார்." எபிரெயர் 13:8. சுகமளிக்கும் கூட்டங்களின் மேடைத் தட்டிகளிலும் இதுதான். அன்று குருடனுக்குக் கண் கொடுத்தவர் இன்றும் கொடுப்பார் என்ற அர்த்தத்தில். நம்பிக்கையோடு ஜெபிக்க அது போதுமான காரணம்தான். நாளும் நேரமும் குறித்து அற்புதத்துக்கு உத்தரவாதம் கொடுக்க அந்த வசனம் இடம் தரவில்லை. அதற்கு முந்தைய வசனம், உங்களுக்குத் தேவவசனத்தைப் போதித்து உங்களை நடத்தினவர்களை நினைத்து, அவர்கள் நடக்கையின் முடிவைச் சிந்தியுங்கள் என்கிறது. அந்தத் தலைவர்கள் பெரும்பாலும் இறந்துவிட்டவர்கள் என்றே விளக்கவுரையாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பிந்தைய வசனம், அந்நிய போதனைகளால் அலைப்புண்டு திரியாதிருங்கள் என்கிறது. நடத்தினவர்கள் போய்விட்டார்கள், புதுப்புதுப் போதகர்கள் வருகிறார்கள், சபை தடுமாறுகிறது. அந்தச் சபைக்கு எழுதும்போதுதான் ஆசிரியர் இதைச் சொல்கிறார். அவர் இதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில், ஒரிகன் எடுத்துக் காட்டிய அதே 102ஆம் சங்கீதத்தைக் குமாரனுக்குப் பொருத்தி எழுதியிருந்தார்.